புன்னை எண்ணெய்: கொட்டை பொறுக்குவது முதல் தோலில் தடவுவது வரை

கடைகளில் 'தமனு ஆயில்' என்ற பெயரில் சின்னச் சீசாவில் விலை கூட்டி விற்கப்படுவது நம் புன்னைக்கொட்டை எண்ணெய்தான். பூம்புகார், தரங்கம்பாடி, நாகை, வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று டெல்டாவின் கடலோரம் நெடுகப் புன்னை நிற்கிறது. உள்நாட்டிலும் கோயில் நந்தவனம், குளக்கரை, பழைய வீட்டுக் கொல்லை என்று ஆங்காங்கே உண்டு. கொட்டையெல்லாம் மரத்தடியில் கிடந்து பெருக்கித் தள்ளப்படுகிறது. அதைக் கையால் எடுத்து, தோலுக்கு ஏற்ற தரத்தில் எண்ணெயாக்கிப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்று: இது சாப்பிடும் எண்ணெய் அல்ல. பருப்பும் எண்ணெயும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. காயவைக்கும் பாயைக் குழந்தைகளும் நாயும் எட்டாத இடத்தில் போடுங்கள். இதற்குப் பயன்படுத்திய பாத்திரம், வடிகட்டிய துணி எதுவும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

மரம் சரியானதுதானா?

புன்னையையும் புங்கனையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். செக்குக்காரர்களிலும் சிலர் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிடுவார்கள். புங்கனின் காய் தட்டையான நெற்று. ஒரு காம்பில் பல சிற்றிலைகள் இருக்கும். புன்னையின் இலை தனி இலை, எதிரெதிராக அமைந்தது, தடித்துப் பளபளக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நடு நரம்பிலிருந்து விளிம்பு வரை மெல்லிய நரம்புகள் நெருக்கமாக இணைகோடுகளாய் ஓடுவது தெரியும். இப்படி நரம்பு உள்ள இலை வேறு மரத்தில் எளிதில் கிடைக்காது. காய் உருண்டை, இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் விட்டம். காம்பை ஒடித்தால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் எரியும், எச்சரிக்கை. சதுப்பு நிலத்துச் சுரபுன்னை முற்றிலும் வேறு மரம். பெயரை வைத்து அதன் பக்கம் போக வேண்டாம்.

தாவரவியல் பெயர் கலோஃபில்லம் இனோஃபில்லம். விலைக்கு வாங்கும்போது சீசாவின் லேபிளில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பூஜைக் கடைகளில் 'புன்னை எண்ணெய்' என்றும் ஐந்து எண்ணெய்க் கூட்டு என்றும் விற்பவை விளக்குக்கானவை. அதில் என்ன கலந்திருந்தாலும் திரி எரியும். தோல் அப்படி ஏற்றுக்கொள்ளாது.

பொறுக்குவது

பச்சைக் காயைப் பறிக்காதீர்கள். பழுத்து மஞ்சளாகித் தானே விழுந்தது, அல்லது விழுந்தபின் தோல் சுருங்கிப் பழுப்பானது மட்டுமே வேண்டும். பெரிய மரமென்றால் வௌவால்கள் உதவும். அவை மேல்சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் போட்டுவிட்டுப் போகும். அப்படிக் கிடப்பவை முற்றிய கொட்டைகள்தாம், தாராளமாக எடுக்கலாம். ஆனால் கையுறை போட்டுப் பொறுக்கி, வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை கழுவிக் காயவிடுங்கள்.

நிலக்கடலை, புளியங்கொட்டைக்குச் செய்வதுபோலத் தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிக்கும் வேலை இங்கே செல்லாது. புன்னைக் கொட்டை கடலில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும் இனம். ஓட்டின் உட்புறம் தக்கை போன்ற அடுக்கு இருப்பதால் நல்லதும் மிதக்கும், சொத்தையும் மிதக்கும். ஓட்டில் சிறு துளை இருந்தால் உள்ளே புழு என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்த்துத்தான் கழிக்க வேண்டும்.

கோயில் நந்தவனமென்றால் நிர்வாகத்திடமும், சாலையோர மரமென்றால் ஊராட்சியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கோடியக்கரை வனவிலங்கு சரணாலயத்துக்குள் எதையும் பொறுக்கக் கூடாது.

காயவைப்பது: வேலையின் பெரும்பகுதி இதுதான்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் தவறுவது இங்கேதான். புதுக் கொட்டையை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளிர்மஞ்சள் உருண்டையாக, ஈரமாக, கெட்டியாக ஒரு பருப்பு இருக்கும். நகத்தால் கீறினால் எண்ணெய்ப் பசையே தெரியாது. இதைச் செக்கில் போட்டால் ஈர மாவுதான் மிஞ்சும், எண்ணெய் இறங்காது. அதே பருப்பு ஆறு முதல் எட்டு வாரம் மெதுவாகக் காய்ந்தபின் செம்பழுப்பாகி, சுருங்கி, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். விரலிடுக்கில் வைத்து அழுத்தினாலே பச்சை கலந்த எண்ணெய் கசியும். நன்றாகக் காய்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். செக்கு அதைப் பிழிந்து எடுக்கிறதே தவிர, எண்ணெயின் அளவும் தரமும் பாயிலேயே முடிவாகிவிடுகிறது.

செய்முறை இது. கழுவிய கொட்டைகளை ஒரு வாரம் பத்து நாள் வெயிலில் போட்டால் மேல்தோல் உரிந்துவிடும், ஓடும் உலர்ந்து நொறுங்கும் பதத்துக்கு வரும். காதருகே வைத்து ஆட்டினால் பருப்பு உள்ளே குலுங்கும். அப்போது உடையுங்கள். அம்மிக் குழவியால் ஓங்கிப் போட்டால் பருப்பு நசுங்கி எண்ணெய் ஓட்டிலேயே ஏறிவிடும். ஒரு செங்கல்லின் குழியில் கொட்டையை நிறுத்தி, சின்னச் சுத்தியால் விளிம்பில் ஒரே தட்டு தட்டினால் ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுதாக வரும். கருத்தது, பூசணம் பிடித்தது, உள்ளே பொடிந்தது எல்லாவற்றையும் தயங்காமல் எறியுங்கள். ஒரு கைப்பிடிப் பூசணப் பருப்பு மொத்த எண்ணெயின் வாடையையும் கெடுத்துவிடும்.

பருப்பைக் கோரைப்பாயிலோ நைலான் வலை அடித்த சட்டத்திலோ ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும். சிமெண்டுத் தரை வேண்டாம். நடுப்பகலில் தரைச்சூடு ஏறி எண்ணெய் தரையில் இறங்கும், இரவில் அதே தரை ஈரம் விடும். காலை ஒன்பது முதல் நான்கு மணி வரை வெயில், தினமும் ஒருமுறை புரட்டல், பொழுது சாயும் முன் உள்ளே எடுத்துவைப்பது. கடலோரத்தில் இந்தக் கடைசி வேலையை ஒருநாள்கூட விடக் கூடாது. மாலையில் வீசும் உப்புக் காற்றும் விடியற்காலைப் பனியும் பகலில் உலர்ந்த ஈரத்தைத் திரும்ப ஏற்றிவிடும். எலிக்கும் இதில் ஆசை உண்டு. இரவில் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள், ஆனால் அன்றைய சூடு முழுக்க ஆறியபிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேலே பழுப்பாகி உள்ளே வெளிறி இருக்கும் பருப்பு உண்டு. நூறு பருப்பைத் தனியாக ஒரு வலைப்பையில் போட்டு வாரம் ஒருமுறை எடை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது.

மழைக்காலம் ஒரு தனிக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் பொறுக்கியதை உடனே உடைத்தால் வடகிழக்குப் பருவமழையில் பருப்பைக் காப்பாற்ற முடியாது. ஓட்டோடு சாக்கில் கட்டாமல், பரண்மேலோ காற்றோட்டமான அறையிலோ பரப்பி வைத்துவிட்டு, தை பிறந்து வெயில் நிலைத்தபின் உடைத்துக் காயவையுங்கள். பங்குனியில் ஆட்டத் தயாராகிவிடும். அடுப்பு மேலோ ஓவனிலோ வைத்து அவசரப்படுத்தினால் பருப்பு கருகிய வாடை எண்ணெயில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஆட்டுவது

காய்ந்த கொட்டை பத்துக் கிலோ உடைத்தால் பருப்பு நான்கு, நாலரை கிலோ தேறும். அதில் சுமார் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் எண்ணெய் கிடைத்தால் நல்ல கணக்கு. பெரிய செக்குகளில் ஒரு தடவை ஆட்டப் பத்துப் பன்னிரண்டு கிலோ பருப்பாவது வேண்டும் என்பார்கள். அவ்வளவு இல்லாதவர்கள் இரண்டு மூன்று வீடாகச் சேர்ந்துகொள்ளலாம், அல்லது வீட்டுக்கென்று விற்கும் சிறிய எண்ணெய் எந்திரத்தில் ஒரு கிலோ அளவில் போடலாம். அந்த எந்திரத்தைப் பிறகு சமையல் எண்ணெய்க்குத் தொடக் கூடாது.

செக்கைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் வேண்டும். கடலையும் எள்ளும் ஆட்டும் செக்கில் 'கொஞ்சந்தானே' என்று புன்னையைப் போட்டால், அடுத்து ஆட்டுபவர் வீட்டு நல்லெண்ணெயில் இதன் மிச்சம் போய்ச் சேரும். வேப்பங்கொட்டை, இலுப்பைக்கொட்டை மாதிரி விளக்குக்கும் வயலுக்கும் ஆட்டும் செக்காகத் தேடிப் போங்கள். அங்கேயும் முந்தைய கொட்டையின் கசடு இருக்கும்; முதலில் இறங்கும் அரை லிட்டரைத் தனியே பிடித்து விளக்குக்கு வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதைத் தோலுக்கு எடுங்கள்.

எள் ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டியோ தண்ணீர்த் தெளிப்போ இதற்கு வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புன்னையில் எண்ணெயோடு பிசினும் சேர்ந்து வரும். பருப்பு வழுக்கிக்கொண்டு பிண்ணாக்குக் கட்டாமல் சுற்றினால், சுத்தமான காய்ந்த ஓட்டுத் துண்டு ஒன்றிரண்டு கைப்பிடி சேர்த்தால் பிடிமானம் வரும். எந்திரம் கைபொறுக்காத சூடு ஏறினால் நிறுத்தி ஆறவிட்டுத் தொடரச் சொல்லுங்கள்.

பிண்ணாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டுக்குப் போடக் கூடாது, ஆட்டுக்கும் கூடாது. தென்னங்கன்றுக் குழிக்கும் வயலுக்கும் மக்கவைத்து எருவாகப் போடலாம்.

தெளியவைத்து வடிப்பது

இறங்கிய எண்ணெய் கலங்கலாக, கரும்பச்சையாக இருக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, வாயை மல் துணியால் கட்டி, வெளிச்சம் படாத மூலையில் பத்துப் பதினைந்து நாள் அசைக்காமல் வையுங்கள். இரும்பு, செம்பு, பித்தளை வேண்டாம். அந்த உலோகங்கள் எண்ணெயைச் சீக்கிரம் காறவைக்கும். அடியில் பிசினும் மண்டியும் இறங்கியபின் மேலெண்ணெயை மட்டும் சாய்த்து எடுத்து, நான்காக மடித்த வெள்ளை வேட்டித் துணியில் வடிக்கவும். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அவசரத்தில் துணியைப் பிழிந்தால் மண்டியும் கூடவே வந்துவிடும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க அரைக் கரண்டி எண்ணெயைச் சிறு தீயில் காட்டுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் தெளியவிட்டு மறுபடி சாய்த்து எடுக்க வேண்டும்.

ஆரோக்கியமான புன்னை எண்ணெய் தடிப்பாக இருக்கும். கசப்புக் கலந்த, வறுத்த கொட்டையின் கனத்த வாடை அடிக்கும். சிலருக்கு அது பிடிக்காது, ஆனால் அது கெட்டுப்போன அறிகுறி அல்ல. காறல் என்பது வேறு: மூக்கை அரிக்கும், பழைய வண்ணப்பூச்சு மாதிரிக் குத்தும். மார்கழிக் காலையில் எண்ணெய் கெட்டிப்பட்டு வெள்ளைத் துகள் படிந்தாலும் பயப்பட வேண்டாம். இதில் ஒலியிக், லினோலியிக் அமிலங்களோடு பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்களும் கணிசமாக உண்டு. குளிரில் உறைவது இந்தப் பின்னிரண்டும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் சீசாவை நிறுத்தினால் இளகிவிடும்.

சேமிக்கப் பழுப்புக் கண்ணாடிச் சீசா, கழுத்து வரை நிரப்பி. ஒரு லிட்டர் சீசாவில் கால்வாசி எண்ணெய் வைத்தால் மீதி முக்கால்வாசி காற்றுதான் அதைக் கெடுக்கிறது. 100 மில்லி சீசாக்களாகப் பிரித்து, ஒன்று தீர்ந்தபின் ஒன்று திறங்கள். எண்ணெயைக் காக்க வைட்டமின் இ சேர்ப்பது நல்ல வழக்கம், 100 கிராமுக்கு அரை கிராம். ஆனால் மருந்துக்கடை வைட்டமின் இ குப்பிகளில் பெரும்பாலும் இருப்பது டோகோஃபெரில் அசிடேட்; சீசாவுக்குள் அது எண்ணெயைக் காறாமல் தடுக்காது. ஒப்பனைப் பொருள் மூலப்பொருட்கள் விற்கும் இடத்தில் 'கலப்பு டோகோஃபெரால்' என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய் எடுத்த தேதியை ஒவ்வொரு சீசாவிலும் எழுதி, ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

முதலில் முழங்கை, பிறகு முகம்

இந்த எண்ணெயின் தனித்தன்மை அதன் பிசினில் இருக்கிறது. காலோஃபில்லோலைடு முதலான கூமரின் வகைப் பொருட்கள் அதில் உண்டு. வீக்கம் தணிக்கும், கிருமி எதிர்க்கும் என்று ஆய்வகத்தில் கண்டதெல்லாம் அந்தப் பிசினால்தான். ஒவ்வாமை கிளப்புவதும் அதே பிசின்தான். ஆகவே யாராக இருந்தாலும் சோதித்துவிட்டே தடவ வேண்டும்.

தடவப்போகும் கலவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, முழங்கையின் உட்புறம் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் தடவுங்கள். ஒரே நாள் சோதனை போதாது. தொடு ஒவ்வாமை பல தடவை பட்டபின்தான் பெரும்பாலும் தலைகாட்டும். சிவந்தாலோ அரித்தாலோ சிறு கொப்புளம் வந்தாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். கொட்டை, பருப்பு வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். கைக்குழந்தைக்கும் வேண்டாம்.

தனி எண்ணெயாகத் தடவுவது வீண், சிலருக்குக் கெடுதலும்கூட. கலப்பு இப்படி:

உடம்புக்கு 100 கிராம்: நல்லெண்ணெய் 94.5, புன்னை 5, டோகோஃபெரால் 0.5. குளித்துவிட்டு ஈரம் முழுக்கக் காயும் முன் ஒரு தேக்கரண்டி, கைகால் வறட்சிக்கு.

முகத்துக்கு 30 கிராம்: சூரியகாந்தி அல்லது திராட்சை விதை எண்ணெய் 29, புன்னை 1. இரவில் மூன்று நான்கு சொட்டு போதும். பரு வரும் முகத்துக்குத் தேங்காயெண்ணெயை அடிப்படையாக வைக்காதீர்கள், துளையை அடைக்கும். தலையணை உறையில் மஞ்சள்பச்சைக் கறை படியும் என்பதால் பழைய துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள்.

அளவைச் சொட்டுக்கணக்கில் வைக்க வேண்டாம். புன்னை தடிப்பான எண்ணெய்; சொட்டை வைத்து அதன் அளவைச் சரியாகக் கணக்கிட முடியாது. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குவது நல்ல செலவு.

நாற்று நட்டும் களை எடுத்தும் சேற்றில் நின்று காய்ந்த கால்களுக்கு, பித்தவெடிப்புக்கு, இந்த எண்ணெய் மிகப் பொருத்தம். அதற்கான பசை 100 கிராம்: தேன்மெழுகு 22, தேங்காயெண்ணெய் 48, நல்லெண்ணெய் 14.5, புன்னை 15, டோகோஃபெரால் 0.5. பாத்திரத்துக்குள் பாத்திரமாக வைத்து, கீழே தண்ணீர் மெதுவாகச் சூடாக, மெழுகையும் முதல் இரண்டு எண்ணெய்களையும் இளக்கவும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், அதற்கு மேல் கொதிக்கவிட வேண்டியதில்லை. இறக்கி, ஓரத்தில் லேசாக வெண்மை தட்டும்போது புன்னையையும் டோகோஃபெராலையும் விட்டுக் கலக்கி, உடனே டப்பாவில் ஊற்றுங்கள். குளிர் நாட்டுக் குறிப்புகளில் மெழுகு 12, 15 கிராம் என்று போட்டிருப்பார்கள். அந்த அளவில் செய்தால் நம் சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் எண்ணெயாக ஓடும். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே இளகிவிடுவதால் இங்கே மெழுகுதான் தாங்க வேண்டும். குளிர்ந்த கரண்டியில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நிமிடத்தில் பதம் பார்க்கலாம்: மிகக் கெட்டியென்றால் நல்லெண்ணெய் கொஞ்சம், இளகலென்றால் மெழுகு இரண்டு கிராம்.

இரவில் காலைக் கழுவித் துடைத்து, வெடிப்பில் நன்றாக அழுத்தித் தேய்த்து, பருத்திக் காலுறை போட்டுப் படுக்கவும். தடவிய காலோடு மொசைக் தரையில் நடந்தால் வழுக்கும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை மறக்கக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் ஓரங்கள் மிருதுவாகும். ரத்தம் கசியும் ஆழமான வெடிப்பில் தடவாதீர்கள். சர்க்கரை நோயாளிகள் காலில் வெடிப்பு என்றாலே முதலில் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

எதற்குத் தடவக் கூடாது

'எல்லாத் தோல் வியாதிக்கும் புன்னை' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சேற்றுப்புண்ணுக்கு வேண்டியது விரலிடுக்கு உலர்ந்திருப்பது. எண்ணெய் ஈரத்தை அடைத்துவைத்து அதை வளர்க்கும். தேமலுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெய்க் கொழுப்பைத் தின்று வாழ்வது, அதற்குமேல் எண்ணெய் தடவினால் தேமல் பரவும். வேர்க்குருவில் ஏற்கெனவே வியர்வைத் துளை அடைந்திருக்கிறது. வைகாசிப் புழுக்கத்தில் அதன்மேல் தடிப்பான எண்ணெய் பூசுவது நேர் எதிர் வைத்தியம். படர்தாமரைக்குப் பூஞ்சை மருந்துதான் வேண்டும். திறந்த காயம், தீப்புண், கண்ணைச் சுற்றிய பகுதி இவற்றுக்கும் செக்கிலிருந்து வந்த, கிருமி நீக்காத எண்ணெய் போகக் கூடாது.

ஆறி மூடிய தழும்பில் தடவுவது பழைய வழக்கம். தினமும் இரண்டு வேளை, ஐந்து நிமிடம் தேய்த்தால் மாதக்கணக்கில் தழும்பு மிருதுவாகலாம். அதில் தேய்ப்பின் பங்கும் உண்டு. பல வருடத் தழும்பு மறைந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெயிலைத் தடுக்கும் என்ற பேச்சும் உண்டு. புற ஊதாக் கதிரை ஓரளவு உறிஞ்சுகிறது என்பதற்காகச் சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக இதைப் பூசிக்கொண்டு வயலுக்கும் கடலுக்கும் போகக் கூடாது.

விற்க நினைத்தால்

வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் செய்துகொள்வதோடு நிறுத்தினால் சிக்கல் இல்லை. தோலுக்குத் தடவும் பொருள் என்று லேபிள் ஒட்டி விற்றால் அது சட்டப்படி ஒப்பனைப் பொருள். 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருட்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டு ஒப்பனைப் பொருட்கள் விதிகளும் பொருந்தும். தயாரிக்க மாநில உரிம அதிகாரியிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். தோல் நோயைக் குணப்படுத்தும் என்று ஒரு வரி சேர்த்தாலும் அது மருந்துக் கணக்குக்குப் போய்விடும், அதற்கு உரிமமும் வேறு. இவ்வளவும் வேண்டாமென்றால், தோல் எண்ணெய் தயாரிக்கும் லைசென்ஸ் உள்ளவர்களுக்கு நன்றாகக் காய்ந்த பருப்பாகவே விற்கலாம். எடை நின்ற தேதியையும் பொறுக்கிய ஊரையும் சாக்கில் எழுதிக் கொடுத்தால், வாங்குபவர் அடுத்த பருவத்துக்கும் உங்களையே கேட்பார்.